மீசைக்குத் துணை தேடிய கதை

தம்பி 2020 ஜனவரியில் கத்தாருக்குப் போனபோது என் தலையில் கட்டிவிட்டுப் போனவை மூன்று: ஒரு பழைய பைக், பாதியில் நின்ற ஒரு சீட்டு, ஏழு இஞ்ச் நீளத்தில் ஒரு மீன். பைக்கை விற்றேன். சீட்டைக் கட்டி முடித்தேன். மீனுக்குத்தான் முடிவே வரவில்லை.

அது ரெட் டெயில் கேட்ஃபிஷ், அதாவது சிவப்பு வால் கெளுத்தி. அதற்கு முந்தின தீபாவளிக்கு, சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் 3 இஞ்ச் குட்டியாக வாங்கியிருந்தான். கறுத்த முதுகு, பக்கவாட்டில் தும்பைப்பூ வெள்ளையில் ஒரு பட்டை, குங்குமத்தில் தோய்த்தெடுத்த மாதிரி வால். குட்டியாகப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். "சாது மீன் தம்பி, யாரோடயும் சண்டைக்குப் போவாது" என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை. இது யாரோடும் சண்டை போடுவதில்லை. விழுங்கிவிடும், அவ்வளவுதான். சண்டை போட எதிராளி மிஞ்ச வேண்டுமே.

அம்மாதான் அதற்கு மீசை என்று பெயர் வைத்தார். மேலுதட்டில் ஒரு ஜோடி, தாடையில் இரண்டு ஜோடி, ஆக ஆறு மீசை. கண் சின்னது, இருட்டில் இந்த மீசையால் தடவித்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. பகலில் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு தேமே என்று கிடக்கும். விளக்கை அணைத்த பிறகு அதே மீன் வேறு மீன். இது புரிய எனக்கு ஒரு வருஷமும் ஒன்பது மீன்களும் ஆயின.

முதலில் போனவை நாலு கோல்ட் ஃபிஷ், இரண்டு ஏஞ்சல். தம்பி விட்டுப்போன கூட்டாளிகள். தினமும் காலையில் ஒன்று குறையும். பூனைதான் என்று அம்மா ஒரு வாரம் தொட்டிமேல் முறத்தைக் கவிழ்த்து வைத்தார். முறம் அப்படியே இருந்தது, மீன் இல்லை. அப்புறம்தான் மீசையின் வயிற்றைப் பார்த்தோம்.

அம்மா பிறந்தது கொள்ளிடக் கரையில். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "இது நம்ம வாளை ஜாதிடீ. வாளை கிடக்குற குட்டையில வேற மீன் தேடாதே." பிற்பாடு தேடிப் படித்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. நம்ம வாளையும் அமேசான்காரனான இந்த ரெட் டெயிலும் விஞ்ஞானப் பெயர் பெற்றது ஒரே புத்தகத்தில். ப்ளோக், ஷ்னைடர் என்ற இருவர் பெயரில் 1801ல் ஜெர்மனியில் வந்தது. வாளையின் பெயர் வல்லாகோ அட்டு. அந்த 'அட்டு' நம்ம ஆற்று வாளையின் 'ஆற்று' என்றுதான் என் காதுக்குக் கேட்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கென்ன இப்போ?" என்றார்.

அம்மா சொன்னதை அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் லாக்டவுன் நேரம். வேலை வீட்டிலிருந்தே, நாள் முழுக்க எதிரில் ஒரு தொட்டி, அதில் ஒற்றை மீன். பாவமாக இருந்தது. தனியாக இருக்கிறதே, துணைக்கு ஒன்று விடலாமே என்று தோன்றிவிட்டது. துணை வேண்டியிருந்தது எனக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. இந்த மீன் கூட்டமாக வாழ்வதல்ல. தன் ஜாதி மீனைக்கூடச் சின்னதாக இருந்தால் சாப்பிட்டுவிடும்.

கடைகள் திறந்ததும் கொளத்தூர் போனேன். "ஆஸ்கர் போடுங்க மேடம். முரட்டு மீனு, தாக்குப்பிடிக்கும்." ஐந்து இஞ்சில் இரண்டு ஆஸ்கர் வாங்கி வந்தேன். மீசை அப்போது 13 இஞ்ச். முரடு என்றது உண்மை. வந்த அன்றே ஆஸ்கர் இரண்டும் மீசையை மூலைக்கு விரட்டின. எனக்கு அதன்மேல் பரிதாபமே வந்துவிட்டது. பத்து நாள் இந்தக் கூத்து. பதினோராவது நாள் காலை ஒரு ஆஸ்கர் இல்லை. மீசை வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து, தரையில் சாய்ந்து, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தது. மிச்சமிருந்த ஆஸ்கர் அதற்கு நேர் மேலே, ஒன்றும் நடக்காததுபோல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வயிறு வற்ற நாலு நாள். ஐந்தாவது நாள் இரண்டாவதும் போயிற்று.

துணை மீன் தேடுகிற எல்லோரும் முதலில் கேட்பது, அது சாதுவா முரடா என்று. நானும் அப்படித்தான் கேட்டேன். வாயில் நுழைகிற மீன் எவ்வளவு முரடாக இருந்தாலும் இதற்குச் சோறுதான். இன்னொன்று, பசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "நல்லா சாப்பாடு போட்டா தொடாது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆஸ்கர் போனதற்கு முதல்நாள் இரவு முழு ஜிலேபி மீன் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தேன். மீசையில் ஒன்று தட்டுப்பட்டு, அது வாய்க்குள் அடங்கும் என்றால் வாய் தானாகத் திறக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

சரி, வாயில் நுழைந்துவிடக் கூடாது, உடம்பும் கெட்டியாக இருக்க வேண்டும் என்று யோசித்து அடுத்து நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். டேங்க் கிளீனர் வாங்கி விட்டேன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன். உடம்பு முழுக்கக் கவசம், ஏழு இஞ்ச். கவசம் இருக்கிறதே, யார் தின்னப்போகிறார்கள்!

2021 மார்ச், இரவு பதினொன்று இருக்கும். தொட்டியிலிருந்து 'டொக்... டொக்' என்று சத்தம். ரெட் டெயில் சத்தம் போடும். இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். இது விடாமல் கேட்டது. விளக்கைப் போட்டால் மீசையின் வாய் பிளந்தபடி நிற்கிறது, வாயிலிருந்து சக்கரின் வாலும் பின்னுடம்பும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. செவுள் இரண்டும் விரிந்து விரிந்து மூடுகின்றன. துணி துவைக்கிற டப்பில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஈரத் துண்டில் மீசையைச் சுருட்டி அதில் இறக்கினேன். அப்போது அது 19 இஞ்ச். எப்படித் தூக்கினேன் என்று இன்றும் நினைவில்லை. சக்கரின் வாலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பலமாக இழுத்தேன். மீசையின் தலையும் சேர்ந்து வந்தது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா என் கையில் ஒரு அடி வைத்தார். "அறிவிருக்கா உனக்கு? கெளுத்தியை வாலைப் பிடிச்சா இழுப்பாங்க? முள்ளை ஒடி முதல்ல."

கெளுத்தி ஆய்ந்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்துத் துடுப்பு இரண்டிலும் முதுகிலும் ஒவ்வொரு முள். மிரண்டால் அதை விறைத்து நிறுத்திப் பூட்டிக்கொள்ளும்; செத்த பிறகும் மடங்காது. ஆயும்போது முதலில் அந்த முள்ளை ஒடித்துப்போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. சக்கரும் அதே ஜாதி. தலைமுதலாக உள்ளே போகும்போது முள் வழிவிட்டுப் படியும், பாதியில் விறைக்கும், வெளியே இழுக்க இழுக்கத் தூண்டில் மாதிரி பதியும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. விழுங்கினதும் சாகும், விழுங்கப்பட்டதும் சாகும்.

அம்மா மீசையின் வாயை விரல் வைத்துப் பிரித்துப் பிடித்தார். அதற்குக் கடிக்கிற பல் கிடையாது. தாடையில் சொரசொரப்பாக உப்புத்தாள் மாதிரி ஒரு பட்டை, அவ்வளவுதான். நான் கட்டிங் பிளேயரை உள்ளே விட்டு இடது முள்ளின் அடியைத் தேடி நறுக்கினேன். 'டக்' என்று பாக்கு வெட்டின சத்தம். வலதுபக்க முள் தொண்டைச் சதையில் இறங்கியிருந்தது. அதையும் நறுக்கி, சக்கரைப் பக்கவாட்டில் புரட்டினதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கலாம். எனக்கு இரண்டு மணி நேரம் மாதிரி இருந்தது. சக்கர் விடிவதற்குள் செத்துப்போனது. மீசை பன்னிரண்டு நாள் எதையும் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள் ஒரு இறாலை வாங்கிக்கொண்டது. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார்; கேட்டால் அமாவாசை என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் யாராவது ரெட் டெயிலோடு சக்கர், சைனோடான்டிஸ், முள் வைத்த வேறு சின்னக் கெளுத்தி எதையாவது போடலாமா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்கிறேன். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய சக்கராக இருந்தால்? அப்போது வேறு தொல்லை. இரவில் பெரிய மீனின் முதுகில் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டித் தின்னும். செதில் இல்லாத மீனுக்கு அந்த வழவழப்புதான் சட்டை.

நடுவில் இரண்டு மாதம் ஒரு ஃப்ளவர்ஹார்ன் இருந்தது. பக்கத்துத் தெருப் பையன் கொடுத்தான். இது வாயில் நுழையாது. ஆனால் மீசையின் மீசையையே தின்றது. ஒவ்வொரு நாளும் அரை இஞ்ச் குறையும். ஃப்ளவர்ஹார்னைத் திருப்பிக் கொடுத்த பிறகு மெதுவாக வளர்ந்துவிட்டது. இடதுபக்க மேல்மீசை மட்டும் நுனியில் இன்னும் கொஞ்சம் கோணல்.

இதற்குப் பிறகுதான் தையல் பெட்டியிலிருந்த டேப்பைக் கையில் எடுத்தேன். ரெட் டெயிலுக்குத் தலை அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட வாயும் அவ்வளவு. துணைக்கு வரப்போகும் மீனின் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நீளமான மீன் மடங்கி உள்ளே போய்விடும். முதுகிலிருந்து அடிவயிறு வரை எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். அந்த உயரம் வாயைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்க வேண்டும். அதுவும் இன்றைய வாயை அளந்து பயனில்லை, அடுத்த வருஷத்து வாயை. மீசை முதல் இரண்டு வருஷம் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் வளர்ந்தது. அந்த வேகத்துக்கு வேறெந்த மீன் வளரும்? இன்று சரியாக இருப்பது ஆறு மாதத்தில் தீனி.

இந்த அளவுகோலை வைத்ததும் கடைக்காரர்கள் சொன்னதில் பாதி உதிர்ந்துவிட்டது. பாலிப்டெரஸ், டைனோசர் மீன் என்று விற்பது, கவசம் எல்லாம் சரி, ஆனால் உடம்பு முருங்கைக்காய். நம்ம விரால், அதுவும் உருளை. தொட்டியில் சுறா என்று விற்கிற பங்காசியஸும் உருளைதான். தவிர அது பயந்தாங்கொள்ளி, யாராவது விளக்கைப் போட்டாலே பாய்ந்து கண்ணாடியில் மூக்கை உடைத்துக்கொள்ளும். டைகர் ஷவல்நோஸ் என்ற கெளுத்தி ஒன்று மட்டும் இதே வேகத்தில் வளரும். ஆனால் வாய்க்கு வாய் போட்டி. யார் முந்துகிறார்களோ அவர் சாப்பிடுவார்.

மிஞ்சினவை தட்டு மாதிரி உயரமான உடம்புள்ளவை. ஜயன்ட் குராமி, பாக்கு. (இந்தப் பாக்குதான் ரூப்சந்த் என்ற பெயரில் மீன் மார்க்கெட்டில் கிடைக்கிறது. வவ்வால் என்று சொல்லி ஒருதரம் அம்மாவிடமே விற்றுவிட்டார்கள். அம்மா பல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். மனுஷப் பல் மாதிரி இருக்கும்.) ஆனால் இவை கடையில் கிடைப்பது இரண்டு மூன்று இஞ்சில். எனக்குத் தேவை ஒரு அடிக்கு மேல். யோசித்தால் விஷயம் எளிது. பெரிய மீன் கடையில் இருக்காது. ஆசைப்பட்டு வாங்கி, வளர்த்து, இடம் போதாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்கள் வீட்டில் இருக்கும். வில்லிவாக்கத்தில் ஒரு குடும்பம் ஃப்ளாட்டுக்கு மாறுகிறது என்று தெரிந்து போனேன். 15, 16 இஞ்சில் இரண்டு குராமிகள். காசு வாங்கவில்லை. அந்த வீட்டுப் பாட்டி மட்டும் "வாழைப்பழம்னா உயிரு, வாரம் ஒண்ணு குடும்மா" என்று சொல்லி அனுப்பினார். பாக்கு ஒன்று அண்ணா நகரிலிருந்து வந்தது, அதே மாதிரிக் கதை.

அதற்குள் ஆறடிக் கண்ணாடித் தொட்டியில் மீசை திரும்பவே சிரமப்பட்டது. மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டலாம் என்று கொத்தனார் சொன்னார். 10க்கு 5க்கு 3 அடி. தண்ணீர் மட்டும் சுமார் 4,200 லிட்டர், அதாவது நாலு டன்னுக்கு மேல். பொறியாளர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடி வேணுமா, மீன் வேணுமா?" என்றார். கீழே, கார் நிறுத்த விட்டிருந்த இடத்தில் கட்டினோம். எங்களிடம் கார் இல்லை. அடியில் கல், மணல் எதுவும் போடவில்லை. கூழாங்கல், ஏர் ஸ்டோன், ஒட்டுகிற ரப்பர் எல்லாவற்றையும் மீசை விழுங்கிப் பிறகு கக்கியிருக்கிறது.

புது மீன்களை நேரே விடவில்லை. நாலு வாரம் தனி டப்பில். வெள்ளைப்புள்ளி நோய் ஒட்டிக்கொண்டு வந்தால், அதற்குப் போடுகிற மருந்து செதில் இல்லாத மீசைக்குத்தான் முதலில் கேடு. அப்புறம் இடத்தை மாற்றினேன்: சிமென்ட் தொட்டியில் குராமிகளையும் பாக்கையும் முதலில் குடிவைத்து, மீசையைக் கடைசியாக இறக்கினேன். இருக்கிற வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒரு மாதம் அடங்கி இருந்தது. முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒருதரம் மீசை குராமியின் பக்கவாட்டில் வாயை வைத்து அழுத்தியதைப் பார்த்தேன். குராமி திரும்பக்கூட இல்லை. மீசை விலகிப் போய்க் குழாய்க்குள் படுத்துக்கொண்டது. அதன்பிறகு முயற்சி செய்ததாகத் தெரியவில்லை.

பாக்கு ஆரம்பத்தில் சிவப்பு வாலின் ஓரத்தைக் கொறித்தது. கீரைத்தண்டும் முட்டைக்கோஸும் தாராளமாகப் போட்டதும் விட்டுவிட்டது. மீசைக்கு வாரம் இரண்டே வேளை: ஜிலேபித் துண்டு, ஓட்டோடு இறால், பெல்லெட். உயிர்மீன் போடுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. தொட்டியில் நீந்துவதெல்லாம் சாப்பாடு என்று நாமே பழக்கிவிட்டு அப்புறம் துணை தேடுவதில் அர்த்தமில்லை. தின்பது நாலு பேர் என்றால் கழிவும் நாலு மடங்கு. வாரத்துக்குப் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன். லாரித் தண்ணீர் வந்தால் குளோரின் போக மருந்து கலந்த பிறகுதான். அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. அந்த வாழைப்பழம் குராமிக்கு.

துணை பொருந்தியதா என்று எனக்கு உறுதியானது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலன்று. எங்கள் தெருவில் ஒன்றரை நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல்நாள் மாலையே படுத்துவிட்டது. தொட்டியில் நீரோட்டம் நின்றுபோனது. குராமிக்குக் கவலையில்லை, மேலே வந்து காற்றையே விழுங்கிக்கொள்ளும், தலைக்குள் அதற்கென்று தனி உறுப்பு இருக்கிறது. பாக்கின் கீழுதடு தேனீ கொட்டின மாதிரி வீங்கி நீண்டிருந்தது. பயந்துபோனேன். மேல்மட்டத் தண்ணீரில் பிராணவாயு கொஞ்சம் அதிகம். அதைச் சேர்த்து வாங்க அது இப்படி உதட்டை நீட்டிக்கொள்ளும் என்று பிற்பாடுதான் படித்தேன். மீசைக்கு இரண்டு வித்தையும் தெரியாது. வாயைப் பிளந்து மேலே வந்து வந்து போயிற்று. நானும் அம்மாவும் மாறி மாறிக் குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். கை ஓய்ந்தால் பாட்டரி ஏர் பம்ப், அது ஓய்ந்தால் மறுபடி குடம். துணைக்கு வேறு மூன்று ரெட் டெயில்களோ ஷவல்நோஸ்களோ இருந்திருந்தால் ஒன்றும் தப்பியிருக்காது.

அதோடு இன்னொரு பயம். வாசலில் ஏறிய தண்ணீர் தொட்டி விளிம்புக்கு ஒரு அடி கீழே வந்து நின்றது. இன்னும் ஏறினால் மீசை ஓட்டேரி நல்லா கால்வாயில் போய்ச் சேரும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சாலக்குடி ஆற்றில் அமேசானின் ராட்சத மீனான அரபைமா பிடிபட்டது ஞாபகம் வந்தது. நம் ஏரிகளில் சக்கர் மீன் பெருகி, அதன் முள் வலையைக் கிழிக்கிறது என்று வலைக்காரர்கள் திட்டாத நாளில்லை. அதுவும் யாரோ ஒருவர் தொட்டியிலிருந்து போனதுதானே. தொட்டிமேல் கொசுவலையை விரித்துச் சுற்றிலும் செங்கல் வைத்தோம். விடிகாலையில் தண்ணீர் இறங்கிற்று.

இந்தப் பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தான். மீசை இப்போது வாலோடு 34 இஞ்ச். அரைமணி நேரம் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் மெல்ல ஆரம்பித்தான். "அக்கா, மேல் தண்ணி காலியாத்தானே இருக்கு? ஒரு சில்வர் அரோவானா விடலாமா? அது மேலயே திரியும், இது கீழயே கிடக்கும்."

நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு பெல்லெட்டை எடுத்துத் தண்ணீர்மேல் போட்டேன். கீழே கிடந்தது மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போனது. தம்பியின் சட்டை நனைந்துவிட்டது. அரோவானாவின் உடம்பு எவ்வளவு உயரம் இருக்கும் என்று கையால் காட்டச் சொன்னேன். காட்டினான். டேப்பைக் கொடுத்தேன். அளந்துபார்த்துவிட்டு, "வேற கலர்ல இன்னொரு குராமி?" என்றான்.

"எங்க தூங்கும்? உன் ரூம்லயா?"

மறுநாள் கொளத்தூர்ப் பக்கம் போய்விட்டுத்தான் வந்தான். கையில் பையைப் பார்த்ததும் அம்மாவுக்குத் திக்கென்றது. உள்ளே ஒரு கிலோ ஜிலேபி, மீசைக்காக. சுத்தம் செய்தது என்னவோ நான்தான்.